ஷகாலின் கண்ணாடியைப் பார்க்க நீஸ் போகலாமா?

பிரான்சின் தென்கரையில், நீஸ் நகரத்துச் சிமியே குன்றின் சரிவில் அமைந்திருக்கும் மார்க் ஷகால் தேசிய அருங்காட்சியகத்தைப் பற்றிய என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷகாலின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை மட்டும் ஆசைதீரப் பார்க்க வேண்டும் என்று புறப்படுகிறவருக்கு இது முதலிடம் அல்ல. இங்கே கண்ணாடியில் அவர் செய்த பெரிய வேலை என்று சொல்லத்தக்கவை மூன்றே சாளரங்கள், அவையும் ஓவியக் கூடத்தில் இல்லாமல் தனியே ஓர் இசையரங்கத்தில் இருக்கின்றன. ஆனால், எழுபது வயதை எட்டிய ஓர் ஓவியர் எதற்காகக் கண்ணாடியின் பக்கம் போனார், போன பிறகு அந்தக் கண்ணாடி அவருடைய தூரிகையை என்ன செய்தது என்று அறிய விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த மதிப்புரை அந்த இரண்டாம் வகையினரை நினைத்தே எழுதப்படுகிறது.

அருங்காட்சியகம் உருவான கதை சுருக்கமானது. விவிலியக் காட்சிகளைக் கொண்ட 17 பெரிய ஓவியங்களை ஷகாலும் அவருடைய மனைவி வலென்டீனாவும் 1966இல் பிரெஞ்சு அரசுக்குக் கொடையாக அளித்தார்கள். அவற்றை வான்ஸ் என்ற சிற்றூரின் கல்வாரிச் சிற்றாலயங்களில் வைக்க வேண்டும் என்பதே ஷகாலின் முதல் எண்ணமாக இருந்தது. அது கைகூடாததால், நீஸ் நகராட்சி கொடுத்த நிலத்தில் ஆந்த்ரே எர்மான் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் தனிக் கட்டடம் எழுந்தது. ஷகாலின் 86ஆம் பிறந்த நாளான 1973 ஜூலை 7 அன்று அது திறக்கப்பட்டது. உயிரோடிருந்த ஓர் ஓவியருக்காகப் பிரான்சில் எழுந்த முதல் தேசிய அருங்காட்சியகம் இது என்ற செய்தியை எல்லாக் கையேடுகளும் பெருமையோடு சொல்கின்றன. பார்வையாளருக்கு அந்தப் பெருமையைவிட அதனால் விளைந்த பயன்தான் முக்கியம்: எந்த ஓவியம் எந்தச் சுவரில், எதற்கு அருகில் தொங்க வேண்டும் என்பதை ஓவியரே முடிவுசெய்திருக்கிறார்; கட்டடத்துக்கென்றே சாளரங்களையும் ஒரு மொசைக்கையும் புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறார். பிறர் தொகுத்த சேகரிப்புகளில் இந்த வசதி கிடைப்பதில்லை.

உள்ளே நுழைந்ததும் கிடைக்கும் பெரிய கூடத்தில் விவிலியத்தின் முதல் இரண்டு நூல்களான தொடக்கநூலையும் யாத்திராகமத்தையும் சார்ந்த 12 ஓவியங்கள் இருக்கின்றன. மனிதனின் படைப்பு, ஏதேன் தோட்டம், அங்கிருந்து வெளியேற்றம், நோவாவின் பேழை, யாக்கோபின் கனவு, எரியும் முட்செடி, மோசே கற்பலகைகளைப் பெறுதல் என்று தெரிந்த கதைகள்தாம். ஆனால், அவை விவிலிய வரிசையில் மாட்டப்படவில்லை. கதையை ஒழுங்காகப் படித்துக்கொண்டே நடக்கலாம் என்று வருகிறவர் முதல் சில நிமிடங்களுக்குத் தடுமாறுவார். ஷகால் அவற்றை நிறங்களின் உறவைக் கொண்டு அடுக்கினார். ஒரு பச்சை எதிர்ச் சுவரின் சிவப்போடு பேச வேண்டும், ஒரு மஞ்சள் பக்கத்திலிருக்கும் நீலத்தைத் தணிக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கதையை மறந்துவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று, உருவங்கள் கண்ணில் படாத அளவுக்கு விழிகளைச் சற்றே சுருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு ஓவியமும் இரண்டு மூன்று பெரும் நிறத்திட்டுகளாகப் பிரிவது தெரியும். அந்தத் திட்டுகளின் எல்லைகள் மனித உருவங்களின் எல்லைகளோடு பொருந்துவதில்லை. நீலம் ஒருவருடைய தோளில் தொடங்கி, உடலைக் கடந்து, பக்கத்திலிருக்கும் மரத்தின் பாதியில் முடிகிறது. கோடு ஒரு வழியில் போகிறது, நிறம் வேறு வழியில் போகிறது.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த அருங்காட்சியகம் எழுப்பும் சுவையான கேள்வி. அதற்கு விடை தேட ஷகாலின் பின்புலத்தைக் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது. இன்றைய பெலாரூசில் இருக்கும் வீத்தெப்ஸ்க் நகரத்தில், ஹசிதியம் என்ற யூத பக்தி மரபைப் பின்பற்றிய எளிய யூதக் குடும்பத்தில் 1887இல் பிறந்தவர் அவர். தந்தை மீன் கிடங்கில் கூலியாக உழைத்தவர். யெகூதா பென் என்ற உள்ளூர் ஓவியரிடமும், பிறகு சென் பீட்டர்ஸ்பர்க்கில் லெயோன் பாக்ஸ்ட்டிடமும் பயின்றார். 1911இல் பாரிஸ் போனபோது கியூபிசம் உச்சத்தில் இருந்தது. வடிவங்களை உடைத்து அடுக்கும் வழியை அதிலிருந்து எடுத்துக்கொண்டாரே தவிர, அதன் சாம்பலும் பழுப்புமான அடக்கத்தை அவர் ஏற்கவில்லை. நிறத்துக்கு ராபர்ட் தெலோனே என்ற பிரெஞ்சு ஓவியரின் வண்ண வட்டங்களே அவருக்கு நெருக்கமாக இருந்தன. ‘மனிதனின் படைப்பு’ ஓவியத்தின் மேற்பகுதியில் சிவப்பும் மஞ்சளுமாகச் சுழலும் சூரியனைப் பார்க்கும்போது, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் பாரிசில் கண்ட அந்த வட்டங்கள் அவர் கையை விட்டுப் போகவில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது.

ருஷ்யத் திருவுருவ ஓவியங்களின் செல்வாக்கை இன்னும் தெளிவாகக் காட்டுவது ‘ஆபிரகாமும் மூன்று வானதூதர்களும்’. ஆந்த்ரே ருப்லேவ் என்ற பழைய ருஷ்ய ஓவியரின் புகழ்பெற்ற திரித்துவத் திருவுருவத்தில் மூன்று தூதர்கள் மேசையைச் சுற்றி நம்மை நோக்கி அமர்ந்திருப்பார்கள். ஷகால் அவர்களைத் திருப்பி உட்கார வைத்துவிட்டார். நமக்குத் தெரிவது அவர்களுடைய முதுகும் வெண்சிறகுகளும்தான். பின்னணி முழுவதும் தகதகக்கும் சிவப்பு. திருவுருவ மரபில் பொற்பின்னணி செய்த வேலையை, அதாவது இடம், காலம் என்ற இரண்டையும் அழித்துவிட்டு உருவங்களை ஒளியில் நிறுத்தும் வேலையை, இங்கே அந்தச் சிவப்பு செய்கிறது. கூடத்தில் ஒரே ஓர் ஓவியத்தின் முன் நேரம் செலவிட முடியும் என்றால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

காகிதப் படைப்புகளும் இந்த அருங்காட்சியகத்தின் செல்வம். பதிப்பாளர் ஆம்புருவாஸ் வொல்லார் விவிலியத்துக்குப் படங்கள் கேட்டதை ஒட்டி, ஷகால் 1931இல் பாலஸ்தீனத்துக்குப் பயணம் போய்வந்து நீர்ச்சாயக் குவாஷ் ஓவியங்களைத் தீட்டினார். அவற்றிலிருந்து செப்புத்தகட்டு அமில வரைவுகள் பிறந்தன. வொல்லார் 1939இல் இறந்துவிட, போரும் அகதி வாழ்க்கையும் குறுக்கிட, 105 வரைவுகள் அடங்கிய அந்தத் தொகுப்பு தெரியாத் (Tériade) என்ற பதிப்பாளரின் முயற்சியால் 1956இல்தான் வெளிவந்தது. ஒளி பட்டு மங்கக்கூடியவை என்பதால் இத்தகைய படைப்புகள் எப்போதும் வெளியில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இருக்கும் காலத்தில் போனால் தவறவிடவும் கூடாது. செப்புத்தகட்டில் அமிலம் எப்படி உலோகத்தைத் தின்று கோட்டை உருவாக்குகிறது என்பதைப் பல்லாண்டுகளாகப் பழகிய கை இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்து வரும் கண்ணாடிக் கதை எளிதாகப் புரியும்.

அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்திருந்த ஷகால் 1948இல் பிரான்சுக்குத் திரும்பி, 1950இல் வான்சில் குடியேறினார். அடுத்த பத்தாண்டுகளில் அவர் தொடாத பொருள் இல்லை என்றே சொல்லலாம்: களிமண், கல், கல்லச்சு, கடைசியாகக் கண்ணாடி. ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்ஸி என்ற இடத்து ஆலயத்துக்காக 1957 வாக்கில் செய்த முதற்சாளரங்கள் பெரும்பாலும் நிறமற்றவை, வரைபடத்தைக் கண்ணாடிக்கு மாற்றியது போன்றவை. உண்மையான தொடக்கம் 1958இல், மெட்ஸ் பேராலயத்துக்கான பணியை ஏற்றபோதுதான். ரான்ஸ் நகரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடித் தொழில் செய்துவந்த சிமோன் குடும்பத்தின் பட்டறையை அப்போது நடத்திக்கொண்டிருந்த சார்ல் மார்க், அவருடைய மனைவி பிரிஜித் சிமோன் ஆகியோரோடு ஷகால் அங்கே கைகோத்தார். அந்த உறவு ஷகால் 1985இல் இறக்கும்வரை நீடித்தது.

மரபான சாளரத்தில் ஒரு துண்டுக் கண்ணாடிக்கு ஒரே நிறம். நிறம் மாற வேண்டுமானால் துண்டை வெட்டி, இடையில் ஈயப்பட்டை வைத்து, அடுத்த துண்டைச் சேர்க்க வேண்டும். ஓவியத்தில் ஒரே தூரிகை வீச்சில் நீலத்திலிருந்து வெண்மைக்கு வழுக்கிச் செல்லப் பழகிய ஒருவருக்கு இது விலங்கு போன்றது. சார்ல் மார்க் இதற்குக் கண்ட வழி, தெளிந்த கண்ணாடியின் மேல் மெல்லிய நிறத்தோல் போர்த்திய இருபடைக் கண்ணாடியை விரிவாகப் பயன்படுத்தியது. அந்த நிறத்தோலை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரிக்க விட்டால், அரிக்கும் அளவுக்கு ஏற்ப அடர்நீலம் இளநீலமாகி, கடைசியில் வெண்மையாகத் திறந்துகொள்ளும்; ஒரே துண்டுக்குள், ஈயக்கோடு குறுக்கிடாமல், இத்தனை படிநிலைகளும் கிடைத்துவிடும். வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சூளையில் சுட்டால் மஞ்சள் வரும். அது நீலத்தின் மேல் விழுந்த இடம் பச்சையாகும். இவ்வளவும் பட்டறையின் பொறுப்பு. பிறகு ஷகால் ரான்சுக்கு வந்து, உலோக ஆக்சைடும் அரைத்த கண்ணாடியும் கலந்த கருஞ்சாந்தைத் தூரிகையால் பூசி, துடைத்து, கீறி, முகங்களையும் சிறகுகளையும் தாமே வரைவார். நிறம் ஒருவரின் கையிலும் கோடு இன்னொருவரின் கையிலும் தனித்தனியே உருவாகி ஒன்றின்மேல் ஒன்று விழும் முறை இது.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவைப்படலாம். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்களைப் பார்த்துப் பழகிய நாம் ‘கண்ணாடியில் ஓவியம்’ என்றவுடன் கண்ணாடியின் பின்புறத்தில், நுண்விவரங்களை முதலிலும் பின்னணியைக் கடைசியிலும் தீட்டும் முறையை நினைப்போம். அங்கே ஒளி முன்னாலிருந்து விழுந்து திரும்புகிறது. கண்ணாடி, சாயத்தைக் காக்கும் மேற்பரப்பு. இங்கே ஒளி பின்னாலிருந்து ஊடுருவி வருகிறது, கண்ணாடியே சாயம். இரண்டும் இருவேறு கலைகள்.

சாளரங்களில் கோடும் நிறமும் பிரிந்ததை அறிந்த பிறகு பெரிய கூடத்துக்குத் திரும்பி வந்து அந்த 12 ஓவியங்களையும் இன்னொரு முறை பாருங்கள். அவை தீட்டப்பட்ட காலம் 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1966 வரை. மெட்ஸ் சாளரங்களும், எருசலேம் ஹடாசா மருத்துவமனைத் தொழுகைக் கூடத்துக்காகச் செய்து 1962இல் நிறுவப்பட்ட 12 சாளரங்களும் அதே காலத்தவை. உடலின் எல்லையை மதிக்காமல் பரவும் அந்த நிறத்திட்டுகளைக் கண்ணாடிப் பட்டறையோடு சேர்த்துப் படிப்பதுதான் சரி என்பது என் கருத்து. கல்லச்சிலும் நிறத்துக்கு ஒரு கல், கோட்டுக்கு ஒரு கல் என்று பிரித்து வேலை செய்தவர் என்பதால் கண்ணாடிக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிட முடியாது. ஆனால், கல்லச்சில் நிறம் மேலிருந்து பூசியது போலத்தான் இருக்கும். இந்த ஓவியங்களில் அது பின்னாலிருந்து கசிவது போலத் தெரிகிறது. எர்மானின் கட்டடமும் இதற்குத் துணைநிற்கிறது: உயரத்தில் அமைந்த திறப்புகள் வழியே வடிகட்டப்பட்டு இறங்கும் இயற்கை ஒளி, வெண்சுவர்கள், தாழ்ந்த அளவான கூடங்கள். பகல் மாறும்போது ஓவியமும் கொஞ்சம் மாறுகிறது.

இப்போது இசையரங்கம். கூட்டத்தில் ஒரு பகுதியினர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது நாற்காலிகள் போட்ட அரங்கம் என்பதால் பார்க்க வேண்டிய இடம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை போலும். என்னைக் கேட்டால் இதுதான் வருகையின் மையம். 1971, 72ஆம் ஆண்டுகளில் சார்ல் மார்க்கோடு சேர்ந்து செய்த ‘உலகின் படைப்பு’ என்ற மூன்று சாளரங்கள் இங்கே இருக்கின்றன. மிக அகலமான முதற்சாளரத்தில் படைப்பின் முதல் நான்கு நாள்கள். அடுத்ததில் உயிரினங்களும் மனிதரும் தோன்றும் ஐந்தாம், ஆறாம் நாள்கள். ஒடுங்கிய மூன்றாவதில் ஓய்வு நாள். அகலம் குறையக் குறையக் கதையும் அடங்கி வருகிறது. மூன்றிலும் ஆட்சி செய்வது நீலம். முதற்சாளரத்தில் உருவம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. நீலம் வெண்மையாக வெடிக்கும் இடங்களும், கருஞ்சாந்தின் கீறல்களும், ஆங்காங்கே தெறிக்கும் சிவப்பு, மஞ்சள் துணுக்குகளும்தான். பறக்கும் காதலர், பிடில் வாசிப்பவர், பசு என்று அவருடைய வழக்கமான கதாபாத்திரங்களைத் தேடுகிறவர் ஏமாறுவார். ஒரு நல்ல சோதனை முயற்சிக்கு இதுவே அடையாளம் என்பேன். பொருள் மாறியதும் பழைய சொத்துகளை அப்படியே தூக்கி வராமல், கண்ணாடி என்ன சொல்ல முடியுமோ அதை மட்டும் சொல்ல விட்டிருக்கிறார்.

இருக்கையில் அமர்ந்து நிதானமாகப் பாருங்கள். ஈயப்பட்டைகள் எங்கே ஓடுகின்றன, அமிலம் எங்கே நிறத்தைத் திறந்திருக்கிறது, தூரிகை எங்கே தொடங்குகிறது என்ற மூன்றையும் கண் தனித்தனியே பிரிக்கக் கற்றுக்கொள்ளச் சிறிது நேரம் பிடிக்கும். வெளியே மேகம் கடந்தால் ஓரங்களின் அடர்நீலம் முதலில் கறுக்கிறது, அரிக்கப்பட்ட வெண்பகுதிகள் கடைசிவரை நிற்கின்றன. பட்டறை வேலையின் அடுக்குகளை வானிலையே பிரித்துக் காட்டிவிடுகிறது. அதே அரங்கத்தில் ஷகால் மூடியில் ஓவியம் தீட்டிய ஹார்ப்சிகார்டு என்ற பழைய விசைப்பலகை இசைக்கருவி ஒன்றும் இருக்கிறது. அழகானதுதான், ஆனால் சாளரங்களுக்கு முன் அது எடுபடவில்லை. இது நிகழ்ச்சிகள் நடக்கும் அரங்கம் என்பதால், போகும் நாளில் பார்வைக்குத் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மற்றவற்றை விரைவாகவே கடந்துவிடலாம். குளத்துக்கு மேற்புறச் சுவரில், நெருப்புத் தேரில் விண்ணேறும் எலியா தீர்க்கதரிசியும் அவரைச் சுற்றி இராசிச் சின்னங்களும் கொண்ட மொசைக் இருக்கிறது. தனியாகப் பார்த்தால் அதன் கற்கள் கொஞ்சம் இறுகித்தான் தெரிகின்றன. நீரில் விழும் பிம்பம் அதைக் காப்பாற்றுகிறது. அறுகோண அறையில் இருக்கும் விவிலியத்தின் காதல் கவிதை நூலான உன்னதப்பாட்டைச் சார்ந்த ஓவியங்கள் ஐந்தும் சிவப்பு, இளஞ்சிவப்பு மயம்; வலென்டீனாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டவை. பலருக்கு இந்த அறைதான் பிடிக்கிறது. எனக்கு இங்கே இனிப்பு சற்றுத் தூக்கலாகப் படுகிறது. பெரிய கூடத்தின் ஓவியங்களில் நிறத்துக்கும் உருவத்துக்கும் இடையில் ஓர் இழுபறி உண்டு. இங்கே இரண்டும் ஒத்துப்போய்விட்டதால் கண் நிற்க இடமில்லாமல் வழுக்கிப் போகிறது.

அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். மே முதல் அக்டோபர் வரை காலை 10 முதல் மாலை 6 வரையும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை 10 முதல் 5 வரையும் திறந்திருக்கும்; மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கட்டணம் இல்லை, ஆனால் கூட்டம் அதற்கேற்ப இருக்கும் என்பதால் கண்ணாடியை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர் அந்த நாளைத் தவிர்ப்பதே மேல். முதன்மை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஏற்றம் என்பதால் கோடை நண்பகலில் மட்டும் யோசிக்க வேண்டும். ஒலிவழிகாட்டி தமிழில் இல்லை. விவிலியக் கதைகள் தெரியாதவர் தொடக்கநூலின் முதற்பகுதியையும் மோசேயின் கதையையும் ஒருமுறை படித்துவிட்டுப் போனால் போதுமானது. ஷகாலின் சாளரங்களைத் தாளில் அச்சிட்டு விற்கும் பிரதிகளை எங்கே கண்டாலும் வாங்க வேண்டாம் என்பேன்: பின்னொளி இல்லாத அந்த நீலம் வெறும் மையாகத்தான் இருக்கும். ஓவியங்களின் பிரதிகள் அந்த அளவுக்கு ஏமாற்றுவதில்லை.

நீசில் தொடங்கிய கண்ணாடி ஆசையைத் தொடர விரும்புகிறவருக்கு வழிகள் பல. அருகிலேயே வான்சில், 1951இல் திருநிலைப்படுத்தப்பட்ட ஓவியர் ஆன்றி மத்தீஸ் வடிவமைத்த செபமாலைச் சிற்றாலயம் இருக்கிறது. அங்கே மஞ்சள், பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்கள் மட்டுமே. கண்ணாடியின் மேல் தூரிகைக் கோடே கிடையாது, வரைதல் முழுவதும் எதிரே இருக்கும் வெண் ஓடுகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. நிறத்தையும் கோட்டையும் பிரிக்கும் அதே சிக்கலுக்கு மத்தீஸ் கண்ட விடை அது. ஒரே வாரத்தில் இரண்டையும் பார்ப்பது பயனுள்ளது. வடக்கே போகக்கூடியவருக்கு மெட்சும், 1974இல் ஷகாலின் சாளரங்கள் இடம்பெற்ற ரான்ஸ் பேராலயமும் உண்டு. இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து ட்யூட்லி சிற்றூர் ஆலயத்தின் 12 சாளரங்களும் ஷகாலுடையவை. கடலில் மூழ்கி இறந்த ஓர் இளம்பெண்ணின் நினைவாக ஒரே சாளரத்தில் தொடங்கிய பணி 1985 வரை வளர்ந்தது. ஆனால், இவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துப் புனித ஸ்தேவான் ஆலயத்தைச் சொல்வேன். அங்கே 1978 முதல் 1985 வரை ஷகால் 9 சாளரங்களைச் செய்தார். அவர் இறந்த பிறகு எஞ்சிய சாளரங்களைச் சார்ல் மார்க் தம் சொந்த வடிவமைப்பில், உருவங்கள் ஏதுமின்றி, அதே நீலத்தைத் தொடர்ந்து நிரப்பினார். அந்த நீலத்தில் ஓவியரின் பங்கு எவ்வளவு, பட்டறைக்காரரின் பங்கு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட அங்கேதான் முடிகிறது.